பேரனைச் சேர்த்துக்கொண்ட பாட்டிக்குச் சிறை!

ஒரு பாட்டி. அவருடைய வீட்டில் அவருடைய மகன் ஒருவர். அந்த மகனின் பிள்ளை ஒருவன். தாயை இழந்து, பாட்டியின் நிழலே கதியென வந்து சேர்ந்த இன்னொரு மகனின் பிள்ளை ஒருவன். ஆக, நால்வர். ஒரே கூரை, ஒரே அடுப்பு. வீடும் பாட்டிக்கே சொந்தம்.

இந்தப் பாட்டியின்மீது நகர நிர்வாகம் கிரிமினல் வழக்குத் தொடுத்தது. திருடினாரா? இல்லை. தெருவில் கலகம் விளைத்தாரா? இல்லை. வரி கட்டாமல் ஏய்த்தாரா? அதுவும் இல்லை. பின் என்னதான் செய்தார்? தாயில்லாப் பேரனைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அதுதான் குற்றம்! அதற்குத்தான் 5 நாள் சிறை. 25 டாலர் அபராதம்!

கதையன்று, நடந்தது. அமெரிக்க நாட்டில், ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து மாநகரை ஒட்டிய கிழக்குக் கிளீவ்லாந்து என்னும் சிறு நகரில், 1973ஆம் ஆண்டில் கிளம்பிய விவகாரம் இது. உச்ச நீதிமன்றம் வரையில் போய், 1977 மே 31 அன்று தீர்ந்தது. 'மூர் எதிர் கிழக்குக் கிளீவ்லாந்து நகரம்' என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு அது.

எங்கோ ஏழு கடலுக்கு அப்பால் நடந்ததை இங்கே எதற்காக எழுதுகிறோம்? வீடு என்றால் எது, குடும்பம் என்றால் யார் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதும் பேனா எவர் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் எளியவனின் கூரையும் இருக்கிறது என்பதை இந்த வழக்கைப்போல் வேறெதுவும் விளக்குவதில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

சகோதரனாய்ப் பிறக்காத குற்றம்

அந்த நகரத்தின் விதி என்ன சொல்லிற்று? ஒரு வீட்டில் ஒரு குடும்பந்தான் குடியிருக்கலாம் என்றது. அதோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. குடும்பம் என்றால் யார் என்றும் வரையறுத்தது. வீட்டுக்குடையவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் - சரி. வீட்டுக்குடையவரைச் சார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தன் மக்களோடு இருக்கலாம் - அதுவும் சரி. ஆனால் ஒரே ஒரு பிள்ளையின் வழிதான்! இரண்டாவது பிள்ளையின் வழியில் வந்த பேரன் அந்த வீட்டில் இருக்கக் கூடாது!

கவனியுங்கள். அந்த இரண்டு சிறுவர்களும் அண்ணன் தம்பியாக இருந்திருந்தால் குற்றமேயில்லை. பெரியப்பன், சித்தப்பன் மக்களாய்ப் போனார்கள், ஆகவே குற்றம்! ஒரே பாட்டியின் பேரன்கள்தாம். ஒருவன் சட்டப்படி பேரன், மற்றவன் சட்ட விரோதமான பேரன்! நகர நிர்வாகம் அனுப்பிய அறிவிப்பு அந்தச் சிறுவனைச் 'சட்ட விரோதமாகக் குடியிருப்பவன்' என்றே குறிப்பிட்டது. தாயை இழந்த குழந்தைக்கு ஒரு நகரம் சூட்டிய பட்டம் இது!

பெரியப்பன் பிள்ளையையும் சித்தப்பன் பிள்ளையையும் அண்ணன் தம்பி என்றே அழைத்துப் பழகிய நம் மக்களிடம் இந்த விதியைப் படித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்? நம் ஊர்க் கிழவிகள் எத்தனை பேர் கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியபின் சினமும் வரும்.

விதி பிறந்த வரலாறு

இப்படியொரு விதி எப்படிப் பிறந்தது? அதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

'ஜோனிங்' என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். நகரத்து நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே தொழிற்சாலை, இங்கே கடை, இங்கே குடியிருப்பு என்று வகுக்கும் முறை. நாம் அதை மண்டல விதி என்போம். தோல் பதனிடும் சாலைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்வதை யார் குறை கூறுவார்? அந்த மட்டில் நல்ல விதியே. ஆனால் அமெரிக்க நகரங்கள் அதோடு நிற்கவில்லை. குடியிருப்பையே கூறு போட்டன. தனிக் குடும்பம் வாழும் தனி வீட்டுக்கு ஒரு மண்டலம். இரண்டு குடித்தன வீட்டுக்கு வேறொன்று. பல குடித்தனக் கட்டடத்துக்கு மற்றொன்று.

கிளீவ்லாந்தை ஒட்டிய இன்னொரு புறநகர் யூக்ளிட். 1922இல் அந்த ஊர் தன் நிலம் முழுவதையும் ஆறு வகையாகப் பிரித்தது. முதல் வகையில் தனிக் குடும்ப வீடு. இரண்டாவதில் இரட்டைக் குடித்தன வீடு. மூன்றாவதில்தான் அடுக்குக் குடியிருப்புக்கு இடம். 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்ப்ளர் என்னும் நிறுவனம் வழக்காடிற்று. கீழ்க்கோர்ட்டு நீதிபதி வெஸ்டன்ஹேவர் 1924இல் அந்த விதியைத் தள்ளினார். மக்களை வருமானத்துக்கும் வாழ்க்கை நிலைக்கும் தக்கபடி இனம் பிரித்து ஒதுக்குவதே இதன் விளைவு என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் 1926 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, விதி செல்லும் என்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லாந்து, தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்குக் குடியிருப்பை 'ஒட்டுண்ணி' என்று வருணித்தார்.

ஒட்டுண்ணி! அந்தச் சொல்லைச் சற்று நினைத்துப் பாருங்கள். கட்டடத்தைச் சொன்னாரா, கட்டடத்தில் குடியிருப்பவரைச் சொன்னாரா? கல்லும் சுண்ணாம்பும் எவருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. தனி வீடு வாங்கப் பணமில்லாத குமாஸ்தாவும் தொழிலாளியும் கைம்பெண்ணும்தான் அந்தக் கட்டடங்களில் குடியிருந்தார்கள்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்று கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் சட்டம் போட்டது. அது செல்லாது என்று 1917இலேயே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நிறத்தின் பெயரால் வேலி போட வழியில்லை. ஆனால் தனி வீடு, பெரிய மனை, குறைந்த குடித்தனம் என்று விதி எழுதினால் போதுமே! பணமில்லாதவன் தானே விலகிப் போவான். அந்நாட்டில் பணமில்லாதவர்களில் கறுப்பர் எத்தனை பேர் என்பதை உலகறியும். வேலியில் பெயர்ப்பலகை இல்லை. வேலி மட்டும் இருந்தது.

அடுப்பும் இரத்தமும்

தனிக் குடும்ப வீடு என்று எழுதியவுடன் இரண்டு சொற்களுக்கு விளக்கம் வேண்டியதாயிற்று. வீடு எது? குடும்பம் எது?

வீட்டை அடுப்பால் அளந்தார்கள். தங்க, உறங்க, உண்ண, சமைக்க, கழிக்க - இவ்வளவுக்கும் தனி வசதி உள்ள இடம் ஒரு குடியிருப்பு அலகு என்பது அமெரிக்கக் கட்டட விதிகளின் இலக்கணம். சமையலறை இரண்டானால் வீடும் இரண்டு. அறை பல, அடுப்பு ஒன்று என்றால் அது வீடா, விடுதியா? அங்கேதான் வழக்குகள் முளைத்தன.

குடும்பத்தை இரத்தத்தால் அளந்தார்கள். பிறப்பு, மணம், தத்து - இவற்றால் உறவானவர் எத்தனை பேரானாலும் குடும்பம். உறவில்லாதவர் என்றால் இரண்டு பேர், மூன்று பேர், ஐந்து பேர் என்று ஊருக்கொரு கணக்கு.

நியூயார்க் மாநிலத்தில் லாங் தீவில் பெல் டெர் என்றொரு சிற்றூர். ஏறத்தாழ 220 வீடுகள், 700 மக்கள். உறவில்லாதவர் இருவருக்குமேல் ஒரு வீட்டில் கூடாது என்பது அவ்வூர் விதி. பக்கத்திலுள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக் கழக மாணவர்கள் 6 பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ஊர் துரத்திற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 1974இல் அந்த மன்றம் ஊரின் பக்கமே நின்றது. அமைதி, அகன்ற முற்றம், குறைந்த மோட்டார் - இவற்றை ஓர் ஊர் விரும்பலாம் என்றார் தீர்ப்பு எழுதிய நீதிபதி டக்ளஸ்.

மாறுபட்டு எழுதினார் நீதிபதி தர்குட் மார்ஷல். கறுப்பர் உரிமைக்காக வழக்காடி, அம்மன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பர் அவர். அவர் எடுத்துக் காட்டிய முரண்பாடு பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. உறவினர் பன்னிரண்டு பேர் ஒரு சிறு வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கலாம். பக்கத்திலுள்ள பெரிய மாளிகையில் வேலை ஓய்ந்த முதியவர் மூவர் சேர்ந்து வாழக் கூடாது! நெரிசலைத் தடுப்பதற்கா இந்த விதி? நெரிசலை அது தொடவேயில்லையே!

பாட்டி வென்றார், ஆனால்...

இனி நம் பாட்டியிடம் திரும்புவோம். நெரிசலைத் தடுக்கவே விதி செய்தோம். மோட்டார் வண்டிகள் பெருகாதிருக்கச் செய்தோம். பள்ளிக்கூடங்களின் சுமையைக் குறைக்கச் செய்தோம் என்றது கிழக்குக் கிளீவ்லாந்து நகரம். நீதிபதி பவல் அந்த வாதத்தைப் பிய்த்தெறிந்தார். கணவனும் மனைவியும் மணமாகாத பிள்ளைகளுமாய் ஒரு வீட்டில் அரை டஜன் மோட்டார் ஓட்டிகள் இருந்து, ஆளுக்கொரு கார் வைத்திருந்தாலும் இந்த விதி அனுமதிக்கிறது. வயது வந்த அண்ணனும் தங்கையும் பஸ்ஸிலேயே போய் வந்தாலும் ஒரே வீட்டில் இருக்க விடாது. இதுதானா போக்குவரத்தைக் குறைக்கும் வழி என்று மடக்கினார். பாட்டன் பாட்டி, மாமன் மாமி, சிற்றப்பன் மக்கள் எல்லோரும் கூடி வாழ்வது பழமையான மரபு. தாயும் தகப்பனும் மக்களும் மட்டுமே குடும்பம் என்று அரசு வெட்டிச் செதுக்க முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

ஐவர் பாட்டியின் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். மயிரிழையில் தப்பினார் பாட்டி! எதிர்த்த நால்வரில் தலைமை நீதிபதி பர்கர் சொன்ன காரணம் ஒன்று உண்டு. விதிவிலக்குக் கேட்டு நகர நிர்வாகத்திடம் இவர் மனுப் போட்டிருக்கலாமே என்றார். நாம் கேட்கிறோம்: தாயில்லாப் பேரனுக்குச் சோறு போட எந்தப் பாட்டியாவது மனு எழுதியதுண்டா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கிளீவ்லாந்து அப்போது கறுப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். நிர்வாகத்தை நடத்தியவர்களும் கறுப்பரே. ஆகவே வெள்ளையன் கறுப்பனை ஒடுக்கினான் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஒடுக்கப்பட்டவன் அதிகாரத்துக்கு வந்தபின், ஒடுக்கியவன் எழுதி வைத்த அளவுகோலையே கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. வெள்ளையர் புறநகரின் சிறு குடும்ப அச்சை எல்லோர்மீதும் திணிக்கக் கூடாது. வறுமையில் உழன்ற கறுப்பு மக்கள் பிழைத்துக் கிடந்ததே கூட்டுக் குடும்பத்தின் கைத்தாங்கலில்தான் என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். மார்ஷல் அதற்கு ஒப்பமிட்டார்.

பாட்டி வென்றார். ஆனால் எதனால் வென்றார்? இரத்த உறவு இருந்ததனால் வென்றார். மனிதர் மனிதரோடு சேர்ந்து வாழும் உரிமையை அம்மன்றம் நிலைநாட்டவில்லை. பெல் டெர் மாணவர்கள் தோற்றது தோற்றதுதான். அந்தத் தீர்ப்பு இன்றும் மாற்றப்படவில்லை. அங்கேதான் நம் மனம் நெருடுகிறது.

உறவில்லாதவர் எங்கே போவது?

உறவில்லாமல் சேர்ந்து வாழ்பவர் யார்? ஊதாரிகளா? உல்லாசக்காரர்களா? சில வழக்குகளைப் புரட்டுவோம்.

டெக்சாஸ் மாநிலத்துக் கிளிபர்ன் நகரில், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் 13 பேருக்கு ஒரு வீடு அமைக்க முயன்றார்கள். அந்த இடமோ அடுக்குக் குடியிருப்பு மண்டலம். விடுதி கட்டலாம், மாணவர் மன்றம் கட்டலாம், மருத்துவமனை கட்டலாம். ஆனால் இந்தப் பதின்மூவருக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும் என்றது நகரம், அனுமதியையும் மறுத்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அக்கம்பக்கத்தாரின் அருவருப்பும் அச்சமும் சட்டத்துக்குக் காரணமாகா என்பதே அதன் முடிவு.

வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரில், குடிப்பழக்கத்தையும் போதைப் பழக்கத்தையும் விட்டொழித்துத் திருந்தி வாழ முனைந்தவர்கள் 10, 12 பேர் ஒரு வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். உறவில்லாதவர் ஐந்துக்கு மேல் கூடாது என்றது நகர விதி. ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் விதிகளுக்கு வீட்டுரிமைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எங்கள் விதி அந்த விலக்குக்குள் அடங்கும் என்றும் நகரம் வாதாடிற்று. 1995இல் நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு நூலிழை பிரித்தாற்போல் இரண்டைப் பிரித்துக் காட்டிற்று. இத்தனை சதுர அடிக்கு இத்தனை பேர் என்பது நெரிசலைத் தடுக்கும் விதி. இன்ன உறவினர்தான் இருக்கலாம் என்பது குடும்பத்தை வரையறுக்கும் விதி. பின்னதற்கு முன்னதன் போர்வை பொருந்தாது!

கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் நடந்தது இன்னும் வேடிக்கை. பத்துப் படுக்கையறை கொண்ட பெரிய வீடு. உறவில்லாத பன்னிரண்டு பேர். ஐவருக்குமேல் ஆகாது என்றது நகரம். 1980இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்துச் செய்தது. நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்கும் விதியைவிட, பயன்படுத்துகிறவர் யார் என்று துருவும் விதியே ஐயத்துக்குரியது என்று கோடிட்டுக் காட்டியது. நாம் சொல்ல வந்ததும் அதுவேதான்.

அடுப்பின் கதையும் சொல்ல வேண்டுமல்லவா? தனியாளாய்ப் பிழைக்க வந்தவனுக்கு ஓர் அறை. கழிப்பறையும் சமையலறையும் பொது. நம் பட்டணத்து ஒண்டுக் குடித்தனத்துக்கும் மேன்ஷனுக்கும் உறவுமுறை! நியூயார்க்கில் ஏழைத் தொழிலாளிக்கும் தனி முதியவருக்கும் கிடைத்த கடைசிக் கூரை அதுதான். 1955இல் அந்நகரம், இனிமேல் இத்தகைய ஒற்றையறை வீடுகள் கட்டக் கூடாது என்றது. இருந்தவற்றை மாற்றவும் இடிக்கவும் பின்னால் ஊக்கம் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் ஒழிந்தன. ஒழிந்தது அறை, ஒழிய இடமின்றி நடைபாதைக்கு வந்தவன் மனிதன்.

"ஐயா, ஒழுங்கு வேண்டாமா?"

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. அவர்களை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஒரு வீட்டில் முப்பது பேரை அடைத்து வாடகை பிடுங்கும் பேராசைக்காரன் எந்த நாட்டில் இல்லை? தீப்பிடித்தால் ஓட வழியில்லாத கட்டடம் எந்த நகரில் இல்லை? இரவெல்லாம் கும்மாளமடிப்பவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் படும் பாடு பொய்யா?

பொய்யில்லை. ஆகவே விதி வேண்டும். ஆனால் எந்த விதி? ஒரு தலைக்கு இத்தனை சதுர அடி என்று எழுதுங்கள்; வரவேற்கிறோம். இத்தனை பேருக்கு இத்தனை கழிப்பறை, இத்தனை சன்னல், தீயணைக்க இன்ன வசதி, வெளியேற இரண்டு வழி என்று எழுதுங்கள், வாழ்த்துகிறோம். 1901இல் நியூயார்க் மாநிலம் குடித்தனக் கட்டடங்களுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று சட்டம் செய்ததே, அது மனிதனைக் காக்க வந்த சட்டம். இரைச்சல் போட்டால் இரைச்சலுக்குத் தண்டியுங்கள். இரைபவன் மகனா, மருமகனா, மாற்றானா என்று பார்க்காதீர்கள்.

காற்றுக்கு உறவுமுறை தெரியாது. நெருப்புக்கு உறவுமுறை தெரியாது. சாக்கடைக் குழாய்க்கும் உறவுமுறை தெரியாது. மண்டல விதிக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

கதவு திறக்கிறது

அமெரிக்க மக்களே இதை உணரத் தொடங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை. உறவுமுறையை வைத்துக் குடியிருப்போர் எண்ணிக்கையை நகரங்கள் கட்டுப்படுத்தலாகாது என்று ஐயோவா மாநிலம் 2017இல் சட்டம் செய்தது. ஓரிகனும் வாஷிங்டனும் 2021இல் தொடர்ந்தன. கொலராடோ 2024இல் சேர்ந்துகொண்டது.

வீட்டின் இலக்கணமும் மாறி வருகிறது. மினியாப்போலிஸ் நகரம் 2018இல் நிறைவேற்றிய திட்டத்தில், தனி வீடு மட்டுமே என்றிருந்த மனைகளில் மூன்று குடித்தனம் வரை கட்டலாம் என்றது. 2019இல் ஓரிகன் மாநிலம், 10,000 பேருக்குமேல் வாழும் நகரங்களில் தனி வீடு கட்டக்கூடிய மனையில் இரட்டை வீடும் கட்டலாம் என்று திறந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பூட்டிக்கொள்ளத் தனி அறையும் பொதுச் சமையலறையும் கொண்ட கூட்டு வாழ்வு விடுதிக்குச் சட்டத்தில் நேரான பெயரும் இடமும் கொடுத்தது. ஆறு குடித்தனமோ அதற்கு மேலோ கட்டக்கூடிய மனைகளில் இதுவும் கட்டலாம்; குடியிருப்பு நெருக்கத்தைக் கணக்கிடும்போது அத்தகைய ஓர் அறையைக் கால் வீட்டுக்குமேல் எண்ணக் கூடாது என்கிறது.

கால் வீடு! கேட்கச் சிரிப்பாய் இருக்கலாம். ஆனால் ஒட்டுண்ணி என்று பெயர் வாங்கிய இடத்தில் கால் வீடு என்று பெயர் வாங்கியிருக்கிறதே, அது ஏறத்தாழ நூறாண்டு நடை! இந்தச் சட்டங்களால் மட்டும் எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. அனுமதி வேறு, செங்கல் வேறு. கட்டப் பணம் வேண்டும். கட்டியதில் ஏழை குடியேற வாடகை இறங்க வேண்டும். ஆயினும் பூட்டைத் திறக்காமல் யாரும் உள்ளே போக முடியாதே!

நம் நாட்டுச் செய்தி ஒன்று சொல்லி முடிக்கிறோம். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடித்தனம் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. வழக்கமாக ஒன்றாய் வாழ்ந்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடித்தனம்; அவர்கள் உறவினராகவும் இருக்கலாம், உறவில்லாதவராகவும் இருக்கலாம், இருவகையும் கலந்தும் இருக்கலாம். தலை எண்ணுவதற்காக எழுதப்பட்ட விளக்கந்தான். ஆனால் அதில் உள்ள பண்பு பெரிது. யார் இரத்தம் என்று அது கேட்பதில்லை. யார் பசிக்கு யார் அடுப்பு எரிகிறது என்று மட்டுமே கேட்கிறது.

கிழக்குக் கிளீவ்லாந்துப் பாட்டியின் வீட்டுக் கதவை அன்று தட்டிய அதிகாரியும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், வழக்கும் இல்லை, சிறையும் இல்லை. பேரனைத் தட்டின்முன் உட்காரவைத்து, "சாப்பிட்டானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்.

வீட்டை அளக்க வரும் சட்டம் சுவரை அளக்கட்டும், சன்னலை அளக்கட்டும், உறவை அளக்க வேண்டாம்!